விரல் சாண்ட்விச்: பிற்பகல் தேநீர் விருந்துக்கு எப்போது செய்யத் தொடங்க வேண்டும்?

ஹாரோ மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லண்டனின் வடமேற்குப் பக்கம் ஹாரோவில் வசிக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் ஆங்கிலேய அம்மையார் ஜூலை மாத இறுதியில் வீட்டைக் காலி செய்துகொண்டு, டெவனில் இருக்கும் தம் மகளிடம் போய்ச் சேர்கிறார். என் பிள்ளைகள் இருவரும் அவர் மடியில் வளர்ந்தவர்கள் என்பதால், அவர் புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் 3.30 மணிக்கு எங்கள் தோட்டத்திலேயே அவருக்குப் பழக்கமான முறையில் ஒரு தேநீர் விருந்து கொடுக்க நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மொத்தம் 24 பேர் வருவார்கள். பாதிப் பேர் தெருக்காரர்கள், மறு பாதி எங்கள் உறவினர்கள்.

ஸ்கோன் எனும் சிறிய தேநீர் ரொட்டியும் கேக்கும் கடையில் சொல்லியாகிவிட்டது. ஓரம் நீக்கி விரல் அகலத்துக்கு வெட்டி அடுக்கும் சாண்ட்விச்சுகளை மட்டும் என் கையாலேயே செய்ய விரும்புகிறேன். வெள்ளரிக்காய், முட்டையும் கிரெஸ் கீரையும், புகையூட்டிய சால்மன் மீனும் கிரீம் சீஸும், கறிப்பொடி மயோனைஸில் கலந்த கோழியான காரனேஷன் சிக்கன் என்று நான்கு வகைகளை மனத்தில் வைத்திருக்கிறேன். செய்முறையில் பெரிய சந்தேகம் இல்லை; நேரக் கணக்கில்தான் தடுமாறுகிறேன். அலுவலகக் கூட்டங்களில் வைக்கப்படும் சாண்ட்விச் தட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளரிக்காய் வைத்தவை நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். மற்றவை ஓரம் காய்ந்து மேல்நோக்கி வளைந்து, கடைசி வரை தீண்டுவாரின்றிக் கிடக்கும். முதல் நாள் இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாமா, அன்று காலையில் செய்தால் போதுமா, அல்லது விருந்தினர் வாசலுக்கு வரும்போதுதான் கத்தியை எடுக்க வேண்டுமா? எத்தனை பிரெட் வாங்குவது என்பதும் தெரியவில்லை.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உறவினர்களில் எட்டுப் பேர் முட்டையும் தொடாத சைவம். என் நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பிணி. அவர்களுக்கு ஏதேனும் தனியாகக் கவனிக்க வேண்டுமானால் அதையும் சொல்லுங்கள்.

பந்திக்கை

வணக்கம் சகோதரி. லெஸ்டரில் ஒரு கேட்டரிங் சமையலறையில் குளிர் உணவுப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். கோடைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் எங்களுக்கு இதுவே பிழைப்பு. உங்கள் கேள்விகள் அனைத்தும் ஓர் இடத்தில்தான் போய்ச் சேருகின்றன: உள்ளே வைக்கும் பொருளின் நீர் பிரெட்டுக்குள் இறங்கக் கூடாது, பிரெட்டின் ஈரம் காற்றோடு போகக் கூடாது. முன்னதற்கு வெண்ணெய் காவல், பின்னதற்கு ஈரத்துணி காவல். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் மூன்று மணி நேரம் வரை அச்சமில்லை.

பிரெட்டிலிருந்து தொடங்குகிறேன். அன்று சுட்டதை வாங்காதீர்கள். வெண்ணெய் தடவும்போது பிய்ந்து வரும், கத்தி வைத்தால் நசுங்கும். முதல் நாள் வாங்கியதுதான் சுத்தமாக வெட்டுப்படும். கடைகளில் கிடைக்கும் 800 கிராம் பிரெட்டில், நடுத்தரத் தடிமனில் வெட்டியது என்றால், ஏறக்குறைய 20 ஸ்லைஸ் இருக்கும். இரு முனைகளையும் ஒதுக்கினால் 18 தேறும். இரண்டு ஸ்லைஸ் சேர்ந்த ஒரு சாண்ட்விச்சை ஓரம் நீக்கி மூன்று விரல்களாக வெட்டலாம். ஸ்கோனும் கேக்கும் இருப்பதால் தலைக்கு ஐந்து விரல்கள் போதும். 24 பேருக்கு 120 விரல்கள், அதாவது 40 சாண்ட்விச், அதாவது 80 ஸ்லைஸ். ஆகவே ஐந்து பிரெட் வேண்டும். மூன்று வெள்ளை, இரண்டு பழுப்பு என்று வாங்கினால் தட்டில் பார்க்க நன்றாக இருக்கும். மெல்லியதாக வெட்டியது கிடைத்தால் அதையே எடுங்கள். கடைக்காரர்கள் தடிமனான பிரெட்டைத்தான் முன்வரிசையில் அடுக்கியிருப்பார்கள் என்பதால் உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு ஸ்லைஸுக்கு 5 கிராம் வீதம் 400 கிராம் வேண்டும். 250 கிராம் கட்டி இரண்டு வாங்குங்கள். அதை முதல் நாள் இரவே வெளியே எடுத்து வைத்து, காலையில் மரக்கரண்டியால் அடித்து, கிரீம் போல ஆன பிறகு தடவுங்கள். ஸ்லைஸின் நடுவில் குவித்துவிட்டு ஓரங்களை வெறுமையாக விடுவதுதான் பலரும் செய்வது. வெண்ணெய் நான்கு விளிம்புகளையும் எட்ட வேண்டும், இரண்டு ஸ்லைஸிலும் எட்ட வேண்டும். வெண்ணெய் இல்லாத இடத்தில்தான் முதலில் நீர் இறங்கும்.

வெள்ளரிக்காய்க்கு மட்டும் சற்றுப் பொறுமை தேவை. இங்கே நீளமாகக் கிடைக்கும் வெள்ளரியின் தோலைச் சீவி, காகிதம் போல மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஒரு காய்க்கு அரைத் தேக்கரண்டி உப்பு வீதம் தூவி, சல்லடைக் கிண்ணத்தில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். கீழே வைத்த பாத்திரத்தில் இறங்கியிருக்கும் நீரைப் பார்த்தால், உப்பிடாமல் வைத்திருந்தால் அவ்வளவும் பிரெட்டுக்குள் போயிருக்கும் என்பது புரியும். பிறகு துடைத்தாளில் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். பிழிய வேண்டாம், பிழிந்தால் வட்டங்கள் சுருண்டுவிடும். ஒன்றின் மீது ஒன்று பாதி ஏறியிருக்குமாறு இரண்டு அடுக்காக வைத்து, வெள்ளை மிளகுத் தூளைச் சிட்டிகையளவு தூவினால் போதும். காயில் ஏற்கெனவே உப்பு ஏறியிருப்பதால் இதற்கு உப்பில்லாத வெண்ணெயே பொருத்தம்.

முட்டையைக் கொதிநீரில் ஒன்பது அல்லது பத்து நிமிடம் வேகவைத்து உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். மிகையாக வெந்தால் வெள்ளையிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சளில் உள்ள இரும்பும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் உண்டாகும். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் மசித்த பிறகு நிறம் மங்கிக் காட்டும். ஒரு சாண்ட்விச்சுக்கு ஒரு பெரிய முட்டை, ஒரு மேசைக்கரண்டிக்கும் சற்றுக் குறைவான மயோனைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, நறுக்கிய தக்காளி போன்றவற்றைச் சேர்த்து அழகுபடுத்த முயல வேண்டாம், எல்லாம் நீர்தான். கிரெஸ் கீரையைக் கழுவினால் நன்றாக உலர்த்திய பிறகு, கலவையில் பிசையாமல் மேலே தூவி மூடுங்கள்.

வெட்டும் வரிசையில் ஒரு நியதி உண்டு. ஓரத்தை முன்னதாக நீக்கிவிட்டு உள்ளே பொருள் வைப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய சாண்ட்விச் விளிம்பில் எப்போதும் ஒரு பொக்கை இருக்கும். நிரப்பி, மூடி, மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெகிழியுறையில் சுற்றி, மேலே ஒரு பலகையை வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். வெண்ணெய் இறுகி இரண்டு ஸ்லைஸையும் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பற்கள் உள்ள நீளமான பிரெட் கத்தியால், மேலிருந்து அழுத்தாமல், முன்னும் பின்னும் நீளமாக இழுத்து நான்கு ஓரங்களையும் நீக்கி விரல்களாக வெட்டுங்கள். இடது கையின் விரல்கள் சாண்ட்விச்சின் மீது தட்டையாகப் படிந்திருந்தால் போதும், பிடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கத்தியைத் துடையுங்கள். முட்டை ஒட்டிய கத்தி வெள்ளை பிரெட்டின் பக்கத்தில் மஞ்சள் கோடு இழுப்பது ஒன்றே போதும், முழுத் தட்டும் அவசரத்தில் செய்ததாகத் தோன்றுவதற்கு.

இனி நேரம். முதல் நாள் இரவு முட்டையை வேகவைத்து மசிப்பது, சிக்கன் கலவையைச் செய்வது, வெண்ணெயை வெளியே வைப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை 12 மணிக்கு வெள்ளரிக்காய்க்கு உப்பிட்டு, 12.30க்கு அடுக்கத் தொடங்கி, 2.30க்கு வெட்டி, ஈரத்தாள் போர்த்தி மூடி வைத்தால் 3.30க்கு அப்போதுதான் செய்தது போல இருக்கும். முழுச் சாண்ட்விச்சையும் முதல் நாள் இரவே செய்து வைப்பதை நான் ஒப்பமாட்டேன். பிரெட்டின் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிடக் குளிர்சாதனப் பெட்டிக்குள் விரைவாக இறுகும்; காலையில் எடுத்தால் ஈரமும் இருக்கும், பழசாகவும் இருக்கும். உறைபெட்டியில் வைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். மயோனைஸ் திரிந்துவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பர் போல ஆகிவிடும்.

நுவரெலியா அக்கா

பந்திக்கை தம்பி சொன்ன வெள்ளரிக்காய் முறைக்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முதல் நாள் இரவு செய்யவே கூடாது என்பதை முழுவதுமாக ஏற்க முடியவில்லை. இலங்கையில் பிறந்தநாள், திருமண எழுத்து, பாடசாலை நிகழ்ச்சி என்று எதற்கும் மூன்று நிறச் சாண்ட்விச் இல்லாமல் சிற்றுண்டித் தட்டு நிறைவதில்லை. அவற்றில் பெரும்பகுதி முதல் நாள் இரவே அடுக்கி, ஓரம் நீக்காமல், நனைத்து இறுகப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் நெகிழியுறையும் சுற்றி வைக்கப்பட்டவைதாம். காலையில் ஓரத்தை வெட்டி எறியும்போது, காய்ந்த பகுதி ஏதும் இருந்தால் அதுவும் அதனோடு போய்விடும். வெண்ணெயும் சீஸும் சேர்ந்த கெட்டியான பூரணத்துக்கு இது பொருந்தும். வெள்ளரிக்காய்க்கும் முட்டைக்கும் பொருந்தாது. அதில் தம்பியோடு எனக்கு வழக்கில்லை.

உங்கள் சைவ விருந்தினருக்கு அந்த மூன்று நிறச் சாண்ட்விச்சையே செய்யும்படி சொல்வேன், தங்கச்சி. நான்கு ஸ்லைஸ் பாணுக்கு (பிரெட்டுக்கு) நடுவே மூன்று பூரணங்கள். கரட்டைப் பச்சையாக மிக மெல்லியதாகத் துருவி, துணியில் முறுக்கிப் பிழிந்து சாற்றை எடுத்துவிடுங்கள். பீட்ரூட்டை முழுதாக அவித்து, ஆறிய பின் தோலுரித்துத் துருவி, அதையும் அவ்வாறே பிழியுங்கள். பிழியாவிட்டால் வெட்டிய பக்கமெல்லாம் சிவப்பு ஓடி மூன்று நிறமும் ஒரே நிறமாகிவிடும். பச்சைக்குச் சில வீடுகளில் உணவுச் சாயம் கலப்பார்கள். தேவையே இல்லை; பட்டாணியை அவித்து, நீரை நன்றாக வடித்து, புதினாவோடு மசித்தால் போதும். ஒவ்வொன்றையும் மிருதுவான வெண்ணெயும் மெல்லியதாகத் துருவிய செடார் சீஸும் சேர்த்துக் குழைத்து, சிறிது மிளகும் உப்பும் போட்டுக்கொள்ளுங்கள். குழைத்த பூரணம் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பதம்தான் அடையாளம்.

பீட்ரூட்டை அடியிலும், பச்சையை நடுவிலும், கரட்டை மேலுமாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பீட்ரூட் மேலே இருந்தால் சாறு கீழே இறங்கி மற்ற நிறங்களைக் கெடுக்கும். நான்கு ஸ்லைஸ் அடுக்கியதும் உயரமாகிவிடும் என்பதால் இதற்கு மெல்லிய பாண்தான் வேண்டும். மூன்றாக வெட்டாமல் நான்காக, ஒடுக்கமாக வெட்டி, வெட்டுமுகம் மேலே தெரியும்படி படுக்க வையுங்கள். உங்கள் ஆங்கிலேய அம்மையாருக்கு இது புதிதாகவும் இராது. இரண்டு மூன்று நிறங்களில் அடுக்கிய நாடாச் சாண்ட்விச் அவர்கள் நாட்டிலும் பழைய விருந்துகளில் இருந்ததுதான்.

ரெடிங் சைவம்

சைவ விருந்தினரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல விரும்புகிறேன். இந்த நாட்டில் சைவமாகவே இருந்து பழகியவள் என்ற முறையில் இவை எனக்கு அன்றாடக் கவலைகள்.

முதலாவது, இங்கே சைவ உணவாளருக்கு ஏற்றது என்று அச்சிட்ட மயோனைஸில் முட்டை இருக்கும். இந்நாட்டுக் கணக்கில் முட்டையும் பாலும் சைவத்துக்குள் அடக்கம். நம் வீட்டுக் கணக்கு வேறு. முட்டை சேர்க்காதவர்களுக்கு வீகன், அதாவது முட்டை, பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது, என்று குறிப்பிட்ட மயோனைஸை வாங்குங்கள், அல்லது அக்கா சொன்னது போல வெண்ணெயையும் சீஸையும் கொண்டே சமாளித்துவிடுங்கள். இரண்டாவது, சீஸ். பாலைத் திரிக்கும் ரென்னட் என்னும் நொதியைச் சில சீஸ் வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார்கள். பார்மேசான் என்ற பெயரில் முறைப்படி விற்கப்படும் சீஸ் எல்லாமே அவ்வாறு செய்யப்பட்டதுதான். செடாரில் பெரும்பாலும் சைவ ரென்னட்டே பயன்படுகிறது என்றாலும் உறையில் சைவக் குறியைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கத்தியும் பலகையும் கூடத் தனியாக இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் சைவத்தை முதலில் வெட்டி முடித்து, மூடி வைத்துவிட்டு, பிறகு முட்டைக்கும் சிக்கனுக்கும் போங்கள். மேசையிலும் சைவத் தட்டைச் சற்று எட்ட வைத்து, ஒவ்வொரு தட்டின் முன்னும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதிய சீட்டை நிறுத்துங்கள். ஓரம் நீக்கி ஒரே அளவில் வெட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது; என் மாமியார் போன்றவர்கள் சந்தேகம் வந்தால் கேட்கமாட்டார்கள், பேசாமல் பட்டினி இருந்துவிடுவார்கள். கடுகு, முட்டை, பால், கோதுமை, மீன் ஆகியவை ஒவ்வாமை தரும் பொருள்களாக இந்நாட்டுச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை என்பதால், அந்தச் சீட்டு மற்ற விருந்தினருக்கும் உதவும்.

உங்கள் நாத்தனாரைப் பொறுத்தவரை, புகையூட்டிய சால்மனை வைக்க வேண்டாம். கடைகளில் மெல்லிய இதழ்களாகக் கிடைக்கும் அந்த மீன் சூடேற்றாமல் குளிர்ந்த புகையில் பதப்படுத்தப்பட்டது. அதில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு என்பதால், ஆவி பறக்கச் சமைத்தாலன்றிக் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் அறிவுரை. பிரீ, கேமம்பேர் போன்ற வெண்பூஞ்சைச் சீஸ்களையும் சமைக்காமல் உண்ணக் கூடாது. செடார், கிரீம் சீஸ், கடையில் வாங்கிய மயோனைஸ், நன்றாக வெந்த முட்டை ஆகியவற்றுக்குத் தடையில்லை. மீன் இருந்தே ஆக வேண்டும் என்றால் டின்னில் அடைத்த சால்மன் இருக்கிறது. அது டின்னுக்குள்ளேயே சமைக்கப்பட்டது, நாத்தனாரும் அஞ்சாமல் சாப்பிடலாம். பலரும் அதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரின் வயதுக்காரர்களுக்கோ, ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு விருந்தாளி வந்தால் திறக்கப்பட்டது அந்த டின்தான். நீரை வடித்து, முள்ளையும் தோலையும் நீக்கி, சில துளி வினிகரும் மிளகும் சேர்த்து மசித்து, மேலே வெள்ளரி வட்டங்களை வைத்துப் பழுப்பு பிரெட்டில் மூடினால், புகையூட்டிய மீனைவிட அவர் அதைத்தான் முதலில் எடுப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

ஈலிங் தாத்தா

தலைக்கு ஐந்து என்ற கணக்கில் எனக்குச் சிறு ஐயம். இந்தப் பிற்பகல் தேநீர் வழக்கம் 1840ஆம் ஆண்டு வாக்கில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னாவின் பெயரோடு தொடங்கியதாகச் சொல்வார்கள். பகலுணவு எளிதாக முடிந்துவிட, இரவு விருந்து எட்டு மணிக்குத் தள்ளிப்போன பெரிய வீடுகளில், இடையில் வந்த சோர்வைத் தணிக்கத் தேநீரோடு நான்கு வாய் உணவு என்பதுதான் அதன் அளவு. சாண்ட்விச் சிறியதாக இருப்பதற்கும் அதுவே காரணம். தெருக்காரர்கள் அந்தக் கணக்கோடு பகலுணவை முடித்துக்கொண்டு வருவார்கள். நம்மவர்களோ விருந்து என்று அழைத்துவிட்டால் பகலுணவைத் தவிர்த்துவிட்டு வருவார்கள். ஆறு மணிக்கு அவர்கள் கண்கள் சமையலறைப் பக்கம் திரும்பினால் என்ன செய்வீர்கள்? சாண்ட்விச்சைக் கூட்ட வேண்டாம், அது வீணாகும். கட்லட்டோ, பூரணம் வைத்துப் பொரித்த பற்றிஸோ ஒரு தட்டு உள்ளே தயாராக இருக்கட்டும். நீக்கிய பிரெட் ஓரங்களை அடுப்பில் காயவைத்துப் பொடித்தால் கட்லட்டுக்கு வேண்டிய தூள் அதிலேயே கிடைத்துவிடும்.

ஹாரோ மருமகள்

எல்லோருக்கும் மிக்க நன்றி. புகையூட்டிய சால்மன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அதை நீக்கிவிட்டேன். நீங்கள் சொன்னவற்றை வைத்து இவ்வாறு திட்டமிட்டிருக்கிறேன். வெள்ளரிக்காய் 12 சாண்ட்விச், முட்டை 8, காரனேஷன் சிக்கன் 6, டின் சால்மன் 6. இவற்றிலிருந்து 96 விரல்கள் வரும். அக்கா சொன்ன மூன்று நிறச் சாண்ட்விச் ஆறு கட்டுகள், அவற்றிலிருந்து 24 விரல்கள். ஆக 120. அவற்றில் சரிபாதி, அறுபது, முட்டையும் இல்லாத சைவம். மூன்று நிறத்தை மட்டும் வெள்ளிக்கிழமை இரவே சுற்றி வைத்துவிடுவேன். கட்லட்டுக்கு உருளைக்கிழங்கையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

இரண்டு சந்தேகங்கள் மீதம் இருக்கின்றன. காரனேஷன் சிக்கனுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். சாண்ட்விச்சுக்கு எது சரியாக வரும்? விருந்து தோட்டத்தில் நடப்பதால், ஜூலை வெயிலில் இவற்றை எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கலாம்?

பந்திக்கை

அக்காவின் ஈரத்துணி முறையை நான் மறுக்கவில்லை. கெட்டியான சீஸ் பூரணத்துக்கு அது தாங்கும். மூன்று நிறத்தை மட்டும் முதல் நாள் செய்வது நல்ல முடிவு, சனிக்கிழமை நண்பகலில் கை குறைவாக இருக்கும்போது அந்த ஆறு கட்டுகள் முடிந்திருப்பது பெரிய நிம்மதி.

காரனேஷன் சிக்கன் 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா விருந்துக்காக லண்டன் கோர்டோன் ப்ளூ சமையற்பள்ளியில் உருவானது. வெங்காயத்தையும் கறிப்பொடியையும் வதக்கி, தக்காளி விழுதும் சிவப்பு ஒயினும் சேர்த்துச் சுண்டவைத்து, வடிகட்டி, ஏப்ரிகாட் கூழோடு மயோனைஸிலும் கிரீமிலும் கலந்து, ஆறிய கோழி இறைச்சித் துண்டுகளின் மேல் ஊற்றிப் பரிமாறியது. அது தட்டில் வைத்துக் கரண்டியால் சாப்பிடுவதற்கான உணவு. அந்தக் கிரீம் அளவோடு பிரெட்டில் வைத்தால் வழிந்துவிடும். சாண்ட்விச்சுக்குக் கிரீமை விட்டுவிடுங்கள். 300 கிராம் வெந்த கோழி மார்பு இறைச்சியை மிகச் சிறியதாக நறுக்குங்கள். இழையாகப் பிய்த்தால் வெட்டும்போது கத்தியோடு இழுபட்டு வரும். ஒன்றரைத் தேக்கரண்டி கறிப்பொடியைச் சிறிது எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி ஆறவைத்து, ஐந்து மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி மாங்காய்ச் சட்னி ஆகியவற்றோடு கலந்து இறைச்சியைப் பிசறுங்கள். சட்னியில் பெரிய துண்டுகள் இருந்தால் நறுக்கிக்கொள்ளுங்கள். பலர் உலர்திராட்சையும் சேர்ப்பார்கள். விரல் சாண்ட்விச்சில் அது வெட்டுமுகத்திலிருந்து உதிர்ந்து விழும், எனக்குப் பிடிப்பதில்லை. நம் வீட்டு மிளகாய்த் தூளையும் இதில் போட்டுவிடாதீர்கள். தெருக்காரர்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, காரம் ஏறினால் சட்னியின் இனிப்பு எடுபடாது.

வெளியே வைக்கும் நேரத்துக்கு வணிகச் சமையலறைகளில் நாங்கள் பின்பற்றும் விதியையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த உணவை 8 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாமல் வைத்திருக்க வேண்டும். பரிமாறுவதற்காக ஒரே ஒரு முறை, நான்கு மணி நேரத்துக்கு மிகாமல் வெளியே வைக்கலாம். அதன் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இது உணவின் பாதுகாப்புக்கான கணக்கு. திறந்த தட்டில், காற்றும் வெயிலும் படும் இடத்தில், அரை மணி நேரத்திலேயே ஓரம் காயத் தொடங்கிவிடும். எனவே 120ஐயும் ஒரே நேரத்தில் வெளியே கொண்டுவராதீர்கள். வெட்டியவற்றை இரண்டு மூடிப் பெட்டிகளில் பிரித்து, அடுக்குகளுக்கு இடையே காகிதமும், மேலே ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்த சமையலறைத் தாளும் வைத்து மூடுங்கள். முதல் பெட்டியை 3.10க்குக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் குளிர்ச்சி தணிந்து, வெண்ணெய் சற்று இளகி, 3.30க்குத் தட்டில் ஏறத் தயாராக இருக்கும். மூன்றடுக்குத் தட்டு வைத்திருந்தால் சாண்ட்விச் அடித்தட்டிலும், ஸ்கோன் நடுவிலும், கேக் உச்சியிலும் இருக்கட்டும். அடித்தட்டு பாதி காலியானதும் இரண்டாவது பெட்டியைத் திறங்கள். மேசையை மரநிழலில் போடுங்கள்.

உங்கள் திட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன்: 32 சாண்ட்விச்சுக்கு 64 ஸ்லைஸ், மூன்று நிறத்துக்கு 24 ஸ்லைஸ், மொத்தம் 88. ஐந்து பிரெட்டில் 90தான் தேறும். ஆறாவது ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

நுவரெலியா அக்கா

அந்த ஆறில் இரண்டு கட்டாயமாக மெல்லிய பாணாக இருக்கட்டும், தங்கச்சி. மூன்று நிறத்துக்குத் தடிப்பான பாண் சரிவராது. பீட்ரூட் பிழிந்த துணியில் கரட்டைப் பிழிய வேண்டாம். கரட்டை முதலில் பிழிந்துவிட்டு, பீட்ரூட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.